அன்று ஹார்ன் ஏன் ஒலிக்கவில்லை

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்கக் கை வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் மனைவி போனில் பேசினாள். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது, வேன் அந்தப் பக்கம் வருவதில்லை, கம்பெனியில் கார் தருகிறோம் என்று சொல்லியும் நீ வேண்டாம் என்றுவிட்டாய், தினமும் இரண்டு பஸ் மாறிப் பாப்பாவைக் கூட்டிப்போகிறாய் என்றாள். "ஏன்னு கேட்டேன் மாமா. ஹார்ன் அடிக்க மறந்து ஒரு மனுசன் காலை ஒடிச்சவன் நான், எம் பிள்ளைய வச்சு ஓட்ட மாட்டேன்னு சொல்லுதாவ. அதுக்கப்புறம் ரெண்டு நாளு எங்கிட்டப் பேசவே இல்ல" என்றாள். நான் சரிம்மா, சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். நீ ஹார்ன் அடிக்க மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினாறு வருஷம் பிந்திச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என்றால் நடுவில் எனக்கு அழுகை வரும், நீ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

நம் பழைய காரை விற்கப்போகிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. உன் மனைவி பேசிய மறுநாள் தச்சநல்லூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர். ஜிப்பாவும் செண்ட்டுமாக, பார்த்தால் அவரே மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பானட்டைத் தடவினார், கதவுகளைத் திறந்து திறந்து மூடினார், கடைசியில் ஸ்டியரிங் நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கினார். சத்தம் வரவில்லை. "அண்ணாச்சி, வண்டி ராசா மாதிரி நிக்குது. ஹார்ன மட்டும் பாத்து வையுங்க. மாப்ள அழைப்புக்கு ஹார்ன் இல்லாம முடியாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்கைக் கூப்பிட என் வீம்பு விடவில்லை. முப்பது வருஷம் மின்சார ஆபீசில் லைன் பார்த்தவன், கேவலம் ஒரு ஹார்னுக்கு ஆள் தேடுவேனா என்று, எழுபத்திரண்டு வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் பாட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயரை இழுத்து ஹார்னுக்குக் கொடுத்தேன். தொண்டையைச் செருமிவிட்டு, பழைய குரலில் கத்தியது. ஆக ஹார்னில் பழுதில்லை. பிறகு ஒரு பல்பில் ஒயர் கட்டி பியூஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. பியூஸ் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பல்பு எரிந்தது. இப்போது ஹார்ன்வரை கரண்ட் வந்துவிட்டது, ஆனாலும் பொத்தானை அமுக்கினால் சத்தம் இல்லை. அந்த வண்டியின் ஏற்பாடு உனக்குத் தெரிந்திருக்காது. நான் சொல்லித் தந்ததில்லை. பாட்டரிக் கரண்ட் எந்நேரமும் ஹார்னில் வந்து நிற்கும். ஹார்னின் இன்னொரு முனையிலிருந்து ஓர் ஒயர் ஸ்டியரிங் குழாய்க்குள் ஏறிப் பொத்தானுக்குப் போகும். பொத்தானை அமுக்கினால் அந்த ஒயர் வண்டியின் இரும்போடு சேரும், ஹார்ன் ஒலிக்கும். அந்த ஒயர் நடுவில் எங்கே விட்டுப்போனாலும், நீ எத்தனை பலமாக அமுக்கினாலும், சத்தம் வராது. அதனால் அந்த ஒயரைப் பிடித்துக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். ஹார்னுக்கு ஒரு சாண் முன்னால் எலி கடித்திருந்தது. பழுது அதுதான். ஆனால் அதையும் தாண்டி, ஹார்னில் செருகும் முனையில், விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. பழைய கருப்பு டேப்பின் மிச்சம். அதைச் சுற்றியவன் நான்.

அந்த டேப்பின் கதையைச் சொல்கிறேன். உன் அம்மாவின் பெரியப்பா ஸ்ரீவைகுண்டத்தில் இறந்துபோனார், நாம் மூன்று பேரும் அந்தக் காரில் துஷ்டிக்குப் போனோம். அதற்கு முன்பே வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஸ்டியரிங் குழாய்க்குள் அந்த ஒயரின் தோல் உரிந்துபோய், இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஒயர் இரும்பில் பட்டு, யாரும் அமுக்காமலே ஹார்ன் அலறும். எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இரண்டு ஞாயிறு போக்கியிருந்தேன். அன்று ஓட்டியவன் நான். துஷ்டி வீட்டுத் தெரு இடப்பக்கம். நான் திருப்பியதும் ஹார்ன் அலற ஆரம்பித்தது. குறுகலான தெரு, நேராக்கி முடிக்கும்வரை நிற்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் மாமா, "என்ன அத்தான், துஷ்டி வீட்டுக்கு மேளதாளத்தோட வாறிய?" என்றான். நாலைந்து பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். உனக்கும் சிரிப்பு வந்தது, அம்மா உன்னை முறைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நீங்கள் உள்ளே போனதும் நான் பானட்டைத் தூக்கி, ஸ்டியரிங்குக்குப் போகும் அந்த ஒயரை ஹார்னிலிருந்து பிடுங்கி, முனையில் டேப்பைச் சுற்றி ஓரமாகச் செருகிவிட்டேன். இனிக் கத்தாது. ஊருக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் காடாத்துக்கு, அஸ்தி கரைக்க, ஆண்களெல்லாம் ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். நீ அங்கே வந்தாய். சித்தி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அழைத்துவருகிறேன், சாவி தாங்கப்பா என்றாய். நான் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சாவி உன் மாமாவின் சட்டைப்பையில் இருந்தது, வாங்கிக் கொடுத்தேன். "பைய போ லே" என்றேன். இந்த இடத்தில் நான் ஹார்ன் விஷயத்தை மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு நல்லது. பல வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சாவியை உன் கையில் வைக்கும்போதே ஞாபகம் வந்தது. உன் மாமா பக்கத்தில் நின்றான். ஹார்னைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் மேளதாளப் பேச்சை மறுபடியும் எடுப்பான், ஆற்றங்கரையில் எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்தில்தானே பஸ் ஸ்டாண்டு என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால், உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். தெருவைத் தாண்டி வாய்க்காலோரம் முதல் வளைவு. இரண்டு பக்கமும் வாழை ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, எதிரே வருவது தெரியாது. வளைவுக்கு முன்னாலேயே ஹார்ன் அடித்துவிட வேண்டும் என்று உன்னை ஓட்டப் பழக்கிய முதல் நாளே சொன்னவன் நான். இசக்கிமுத்து வாழைத்தார் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோட்டத்திலிருந்து ரோட்டில் ஏறினார். நான் ஓடி வந்தபோது நீ அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாய். அவருடைய வலது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "அடிச்சேம்பா. மூணு தடவ அடிச்சேன், கேக்கவே இல்ல" என்பதுதான். இசக்கிமுத்து ஆம்புலன்சில் ஏற்றும்போது முனகினார், ஹார்ன் சத்தமே கேக்கல என்று. சுற்றி நின்றவர்கள் முந்தின நாள் அந்த ஹார்ன் அலறியதைக் கேட்டவர்கள், அவர் சொன்னதைக் கேட்டு உன்னைப் பார்த்தார்கள். நீ சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

வண்டியைக் காவல் நிலைய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மறுநாள் வாகன ஆய்வாளர் வந்து பிரேக், ஹார்ன் எல்லாம் பார்ப்பார் என்றார்கள். அன்று சாயங்காலம் வண்டிக் காகிதத்தை எடுக்க வேண்டும் என்று போனேன். பானட்டைத் தூக்கினேன். "என்ன அண்ணாச்சி பாக்கிய?" என்று கேட்ட காவலரிடம், தண்ணி ஒழுகுதான்னு பாக்கேன் என்றேன். அவசரத்தில் கைக்கு வந்தவரை டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு ஒயரை ஹார்னில் செருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. ஹார்னைக் கழற்றி வைத்த வண்டியை மகனிடம் கொடுத்த லைன் இன்ஸ்பெக்டர் என்று என் பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று மட்டும்தான் அப்போது என் புத்தி ஓடியது. உன் பெயர் என்ன ஆகும் என்று ஓடவில்லை. மறுநாள் ஆய்வாளர் ஏறி உட்கார்ந்து வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார். இடப்பக்கம் ஒடித்துவிடக் கூடாதே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலப்பக்கம் ஒடித்தார். பிறகு பொத்தானை அமுக்கினார். முற்றமே அதிர்ந்தது. "ஹார்ன் நல்லாத்தானே இருக்கு. நீ அடிக்கல போல தம்பி" என்றார். நீ, "இல்ல சார், அடிச்சேன்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலாவது பாவத்தில் பாதி குறைந்திருக்கும். "பதட்டத்துல மறந்திருப்பான் சார். சின்னப் பையன்" என்று சொன்னேன். உன் முகம் அப்போது எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு வரவில்லை.

அதிலிருந்து உன் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை வீட்டில் இருந்து பார்த்தவன் நான். முதல் வாரம் "அடிச்சேன்" என்றாய். அடுத்த மாதம் "அடிச்சேன்னுதான் நெனச்சேன்" என்றாய். கோர்ட்டில், ஹார்ன் அடிக்காமல் அஜாக்கிரதையாக ஓட்டியதை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோது ஒத்துக்கொள்கிறேன் என்றாய். நான் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா உன்னைத் தேற்றினாள், "மறந்தா என்ன ராசா, யாருக்குத்தான் பதட்டம் வராது" என்று. அவளும் வண்டியில்தானே, பின்சீட்டில் இருந்தாள், அவள் காதிலும் சத்தம் விழவில்லை, அதனால் நீ மறந்துவிட்டாய் என்றே நம்பினாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியில் அவளோடு இருபது நாள் இருந்தேன். சொல்லியிருக்கலாம். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஸ்டியரிங் குழாய்க்குள் இருந்த ஒயர்த் துண்டை மட்டும், வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே, நீ இல்லாத நேரமாகப் பார்த்து மாற்றிவிட்டேன். அந்த வேலைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள் என்னோடு பாபநாசம் பக்கம் வேலைக்கு வந்தாய். எங்கள் வேலையில், லைனில் ஏறுகிறவன் முதலில் லைன் கிளியர் வாங்க வேண்டும். அதாவது, கீழே சுவிட்சை இறக்கிவிட்டு, ஆள் வேலை செய்கிறார் என்று எழுதிய பலகையை அதில் தொங்கவிட வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு என்ன கழற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அன்று ஒரு வயர்மேன் பலகை மாட்டாமல் ஏறிவிட்டார். நான் அவரைக் கீழே இறக்கி, எல்லாருக்கும் முன்னால் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். திரும்பி வரும்போது நீ, "இவ்வளவு ஏசணுமாப்பா?" என்று கேட்டாய். ஓர் அட்டை மாட்டக் கூடவா வலிக்கிறது என்று உன்னிடமும் கத்தினேன். அந்த வயர்மேன் அன்றைக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஸ்டியரிங்கில் ஒரு துண்டு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் போதும், வளைவில் நீ வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குப் பாப்பா உன்னிடம் வந்து, நான் சரியாகத்தான் செய்தேன்ப்பா, ஆனால் நடக்கவில்லை என்று சொன்னால், அவளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எழுந்து போய் ஒயரைப் பார். அதைக் கழற்றி வைத்தது நீயாகவே இருந்தாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் மறுநாள் இன்னும் கஷ்டம், பதினாறு வருஷம் தள்ளினால் நான் இப்போது படுகிற பாடு.

உன் மனைவி பேசியதற்கு மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனேன். இசக்கிமுத்துவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வாய்க்காலோரம் அதே வீடு. அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். கால் ஒடிந்த பிறகு தார் சுமக்க முடியாமல் இசக்கிமுத்துவும் உட்கார்ந்து அந்த வேலைதான் செய்தாராம். யாரு என்று கேட்டார். உங்க வீட்டுக்காரரை இடிச்ச காருக்குச் சொந்தக்காரன்மா என்றேன். "தெரியுது, இருங்க அண்ணாச்சி. அவுக போய்ட்டாவளே. போன தையோட ஒரு வருசம் ஆயிட்டு" என்றார். எனக்குத் தெரியாது மகனே. ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை. பிறகு கீழே உட்கார்ந்து, இதுவரை உனக்கு எழுதியிருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். துஷ்டி வீடு, டேப்பு, சாவி, முற்றத்தில் ஒயரைச் செருகியது, நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம். அவர் நார் கிழிப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவுக சொன்னது சரிதான்" என்றார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். "கடைசி நேரத்துல திரும்பிப் பாத்தேன், கண்ணாடிக்குள்ள பையன் ரெண்டு கையையும் வச்சு ஹார்ன அமுக்குதான், அமுக்கிக்கிட்டே வாறான், சத்தந்தான் வரல, வண்டியிலதான் கோளாறு, பையன் மேல தப்பு இல்லன்னு சாகுற வரைக்கும் சொன்னாவ. ஆஸ்பத்திரியில வந்து எழுதிக்கிட்டுப் போன போலீஸ்காரர்ட்டயும் சொன்னாவ. ஹார்ன் நல்லாத்தான் இருந்துச்சுன்னு காயிதத்துல இருக்கேன்னுட்டாராம். மயக்கத்துல பேசுதாவன்னு நாங்களும் காதுல போட்டுக்கிடல" என்றார். ஏச மாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான், "அந்தப் பையங்கிட்ட சொல்லிட்டியளா?" இல்லம்மா, உங்ககிட்டதான் முதல்ல வந்தேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்ன அண்ணாச்சி நீங்க! எனக்குத் தெரிஞ்சு இனி என்ன ஆவப்போவுது? அவன்லா சுமந்துக்கிட்டுத் திரியுதான். மொதல்ல அவன்ட்ட போய்ச் சொல்லுங்க, எந்திரிங்க" என்று என்னை எழுப்பி அனுப்பிவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தவன், இதை எழுதி முடிக்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன். நடந்ததையெல்லாம் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. அதனால் எனக்கு என்ன வந்தாலும் சரி. காரைத் தச்சநல்லூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. மருமகள் போன் பண்ணிப் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று சொன்னால் எனக்குப் போதும். இந்தக் கடிதத்தில் நான் சொன்னதை நீ நம்ப வேண்டியதும் இல்லை. உன் பேச்சை நம்ப வேண்டிய இடத்தில் ஊருக்கு முன்னால் நம்பாதவன் மாதிரி நடித்தவன் நான், என் வார்த்தைக்கு இனி உன்னிடம் என்ன மதிப்பு இருக்கிறது. ஆனால் இசக்கிமுத்து உன்னை நேருக்கு நேர் பார்த்தவர். உன்னைக் குற்றம் சொல்ல உலகத்திலேயே உரிமை இருந்த மனிதர் அவர் ஒருவர்தான். உன் கை பொத்தானில் இருந்ததை அவர் பார்த்தார், சாகும்வரை சொன்னார். அவரை நம்பு.

உன் அப்பா